ஆறேகால் பஸ்ஸைத் திருத்தியவர்

சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு ஒருவர் எதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கி நடவுங்கள். ஒன்று நீலம், மற்றது சிவப்பு என்று கண்டால் ஒதுங்கவும் வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். கையில் ஏதாவது காகிதம் இருந்தால் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்புங்கள். அது மின்சாரப் பில்லாக இருந்தாலும் சரி, மருந்துத் துண்டாக இருந்தாலும் சரி, அவர் பார்க்காமல் விடமாட்டார். பார்த்தாரென்றால் திருத்தாமல் விடமாட்டார்.

இவர்தான் திருத்தர். இவரை ஆசிரியரோடு போட்டுக் குழப்பக் கூடாது. ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு, லீவு உண்டு, மணி அடித்ததும் வாயை மூடும் நல்ல பழக்கம் உண்டு. எழுத்தாளரோடும் குழப்பக் கூடாது. எழுத்தாளர் எப்போதாவது ஒன்றை எழுதி முடித்துத் தொலைக்கிறார். திருத்தர் எழுதுவதே இல்லை. பிறர் எழுதியதை நல்லதாக்குகிறார். கேட்டால் நல்லதாக்குவார். கேட்காவிட்டால் இன்னும் நல்லதாக்குவார்.

உலகமெங்கும் வாழும் இனம்தான் இது. ஆனாலும் பல்கலைக்கழகம் மூடிக் கிடக்கும் காலத்தில், செய்வதற்கு வேறு வேலையில்லாத கடற்கரை ஊரில், இது விளைவதுபோல் வேறெங்கும் விளைவதில்லை. மாம்புரியில் இதற்கு அர்கம் என்று பெயர். வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறான், அதாவது பல்கலைக்கழகம் திறந்திருக்கும் நாட்களில் படிக்கிறான். யுத்தம் முடிந்து, மூடிக் கிடந்த பாதையெல்லாம் திறந்து, காவலரண்கூடக் கழற்றப்பட்ட பிறகும், அவனுடைய பல்கலைக்கழகம் மட்டும் பகிஷ்கரிப்பு, உண்ணாவிரதம், விடுதியில் தண்ணீர் இல்லை என்று மாறி மாறிக் கதவைச் சாத்திக்கொண்டது. அப்படிச் சாத்திய ஒரு நீண்ட கதவுக்கு வெளியேதான் அர்கம் ஊரைத் திருத்தத் தொடங்கினான்.

முதலில் வீடு. உம்மா றுக்கியா கடைக்குக் கொடுத்தனுப்பிய துண்டில் "பாண் ரெண்டு, சீனி ஒரு கிலோ" என்று இருந்ததைப் பார்த்து, "இதில ஓசையே இல்லையே உம்மா" என்றான். அன்றிலிருந்து அந்த மனுசி எதையும் எழுதிக் கொடுப்பதில்லை, வாயால்தான் சொல்வாள். வீடு கைவிட்டுப் போனதும் பள்ளிவாசல். அங்கே ஒலிபெருக்கியில் மௌத்து அறிவிக்கும் மீரா முகைதீன் காக்கா ஒரு வரியில் விஷயத்தைச் சொல்லி முடிப்பவர். இன்னார் வீட்டு இன்னார் மௌத்தாகிவிட்டார், ஜனாஸா இத்தனை மணிக்கு. அர்கத்துக்கு அது பொறுக்கவில்லை. அன்பின் ஊற்று, பண்பின் உறைவிடம், ஊருக்கு நிழல் தந்த பெருமரம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, பெயரைக் கடைசிக்கு வைத்தான். பெயர் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஊற்று யார், உறைவிடம் யார் என்று தெரியாமல் சனம் மூன்று வீட்டு வாசலில் கூடிவிட்டது. அதில் ஒரு வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்த பெரியவர், சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்து, "யாரப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். யா அல்லாஹ், அன்றைக்கு அந்த வாசலில் நின்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மௌத்தானவர் நான்காவது வீட்டுக்காரர்.

இதற்கெல்லாம் அசைந்தால் அவர் திருத்தரா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பின் மத்ரஸா மண்டபத்தில் கட்டுரை வகுப்பு ஒன்றைத் தொடங்கினான். கட்டணம் இல்லை. அங்கேதான் வினை. காசு கொடுத்துப் படித்தால் "எங்களுக்கு வெளங்கல்ல நானா" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்கலாம். சும்மா கிடைக்கிற படிப்பில் என்னத்தைக் கேட்பது? பிள்ளைகள் வந்தார்கள், பாயில் இருந்தார்கள், எழுதியதை நீட்டினார்கள். அர்கம் வாங்கி, கண்ணைச் சற்று மூடி, முகர்ந்து பார்க்கிறவன்போல் தலையைச் சாய்த்து, "கரு இரிக்கி. ஆனா உசிர் இல்ல" என்பான். பிறகு சிவப்புப் பேனாவால் உயிரை எடுத்துவிட்டு நீலப் பேனாவால் உயிர் கொடுப்பான். முடிவில், "நான் ஒண்டும் மாத்தல்ல, சும்மா தொட்டன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பான். பிள்ளை எழுதியதில் மிஞ்சியிருப்பது பிள்ளையின் பெயர் மட்டும்தான்.

ஒருமுறை "நான் வளர்க்கும் பிராணி" என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை கேட்டிருந்தார்கள். சோகம் இல்லாமல் இலக்கியம் இல்லை என்பது திருத்தரின் கொள்கை. ஆகவே அந்த வாரம் மாம்புரியில் ஆடு, மாடு, பூனை, கோழி, கூண்டுக்கிளி எல்லாம் கட்டுரையின் கடைசிப் பந்தியில் செத்தன. கிளி மட்டும் மழையில் செத்தது. பளீலா டீச்சர் கொப்பிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, "ஏன் புள்ளைகள், உங்கட ஊர்ல மிருக வைத்தியர் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டாராம். அதை வந்து சொன்னபோது அர்கம் மனம் நிறைந்து போனான். டீச்சரைத் தொட்டுவிட்டது பார்த்தீர்களா!

இந்த அளவோடு நின்றிருந்தால் ஊருக்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆனால் திருத்தர் கையில் ஒருநாள் நிசமான ஒன்று அகப்பட்டே தீரும். அர்கத்தின் கையில் அகப்பட்டது ஆறேகால் பஸ்.

அந்தப் பஸ்ஸைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கற்பிட்டிப் பக்கமிருந்து புத்தளம் போகும் காலைப் பஸ் அது. அதைப் பிடித்தால் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போகலாம். விட்டால் அடுத்த பஸ்ஸில் போய் வாசலுக்கு வெளியே நிற்கலாம். ஆனால் காசு கொடுக்காமல் சீசன் டிக்கட்டில் ஏறும் வெள்ளைச் சீருடைகளைச் சந்தியில் கண்டதும் சாரதிக்குக் கண் மங்கிவிடும். ஹோர்ன் அடிப்பான், வேகத்தைக் கூட்டுவான், தூசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அந்தத் தூசியில் நின்றவர்களில் ஒருத்தி ஸும்றா. உயர்தரம் படிக்கிறாள், கெட்டிக்காரி. வாப்பா ஜபார் மீன் வியாபாரி. விடியும்போது கரையில் ஏலம் கூறுவார்கள். அதில் எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிய பெட்டியில் போட்டு, ஊரூராக விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பஸ் நிற்காத நாளில் அதே மோட்டார் சைக்கிளில் மகளைப் புத்தளம் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் திரும்பி வரும்போது ஏலம் முடிந்திருக்கும், கரையில் காகம்தான் நிற்கும்.

ஜபாரின் படிப்பு, வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய அந்தத் தொண்ணூறில் முடிந்தது. மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு வந்து, கிடுகுக் கொட்டில் முகாமில் ஏறியபோது அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. போகவில்லை. மகளாவது படிக்கட்டும் என்ற ஆசை அவருக்கு நெஞ்சு முட்ட இருந்தது, ஆனால் ஆசையை ஏலத்தில் போட முடியாதே! ஒருநாள் பெட்டி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாசம் முடியுமட்டும் பாப்பம் மகள். பஸ் நிக்காட்டி, பக்கத்தில தையல் வகுப்பு ஈக்கிது, அதுக்குப் போ. என்னால ஏலாது." சொல்லிவிட்டு அவர் சாப்பிடவில்லை. ஸும்றாவும் சாப்பிடவில்லை.

சாப்பிடாமல் உட்கார்ந்து அவள் ஒரு மனு எழுதினாள். நகரத்தில் பஸ்களுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு. "ஐயா, காலை ஆறேகால் பஸ் மாம்புரிச் சந்தியில் நிற்பதில்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போக முடியாமல் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்." அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் ஜபார் அந்தப் பிழையைச் செய்தார். "அரசாங்கத்துக்குப் போற கடுதாசி மகள். அந்தக் கெம்பஸ் பொடியன்ட ஒருக்காக் காட்டிக்கொண்டு போடு" என்றார்.

அர்கம் மூன்று வரியையும் வாசித்தான். கண்ணை மூடினான். தலையைச் சாய்த்தான். ஸும்றா காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

"கரு இரிக்கி தங்கச்சி."

"உசிர் இல்லையா நானா?"

"அத எப்படிச் செல்ற... இது மனு மாதிரி இரிக்கி."

"மனுதானே நானா."

"அதான் பிழை. ஒரு அதிகாரி ஒரு நாளைக்கு எத்தின மனு பாப்பார்? இத அவர் மனசில வாங்கணும். தொடணும். கொஞ்சம் செதுக்குவம்."

செதுக்கினான். செதுக்கினால் எதுவும் சிறுக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அர்கம் செதுக்கினால் பெருக்கும். மூன்று வரி ஒரு பக்கமானது, ஒரு பக்கம் நாலானது. "கடலன்னையின் மடியிலிருந்து கதிரவன் கண்விழிக்கும் எங்கள் மாம்புரியில்" என்று தொடங்கி, தென்னையின் தலையசைப்பு, அலையின் தாலாட்டு, இடம்பெயர்ந்த உள்ளங்களின் ஏக்கம், கல்வியெனும் கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து குந்தின. ஸும்றா அடுத்த வெள்ளி வந்து வாசித்தாள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை, முடிவிலிருந்து தொடக்கம்வரை ஒருமுறை.

"நானா, பஸ்ஸக் காணல்லையே?"

"ஓம், எடுத்திட்டன்."

"எடுத்திட்டீங்களா?"

"பஸ் எண்டுற சொல் கரடுமுரடா இரிந்திச்சி. ஓட்டத்தக் கெடுக்குது. விஷயத்த நேராச் செல்லிட்டா அது எழுத்தில்ல தங்கச்சி, விலைப்பட்டியல். செல்லாமச் செல்லணும். வாசிக்கிறவர் தானா உணரணும்."

"அவர் உணராட்டி?"

"உணராதவருக்கு எழுதி என்ன பிரயோசனம்?"

அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள். கெம்பஸ் படிக்கிறவன், ஊரே மதிக்கிறவன், ஒரு சதம் வாங்காமல் ஒரு வாரம் பாடுபட்டிருக்கிறான். ஜபார் மட்டும் முதல் வரியிலேயே நின்றார். அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பவர். "தம்பி, நம்மட கடல்ல சூரியன் படுறதுதானே? எழும்புறது தோட்டப் பக்கமெல்லா?" என்றார். மேற்குக் கரையில் பிறந்த சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அர்கம் பொறுமையாகச் சிரித்தான். "இலக்கியத்தில அப்படித்தான் மாமா, கடல்லதான் எழும்பும்." மனுவின் கடைசி வரி அவனுக்கே கண்ணீர் வரவழைத்த வரி: "சொல்லாமலே புரிந்துகொள்ளும் உள்ளம் தங்களுக்கு உண்டென நம்பி நிற்கிறோம்." சந்தியில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மனு போனது.

பதிலும் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அரசாங்க அலுவலகம் அவ்வளவு சுறுக்காகப் பதில் போட்டதை மாம்புரி அதற்கு முன் கண்டதில்லை. சிங்களத்தில் இருந்தது, ஸும்றா வாசித்துச் சொன்னாள். உங்கள் கிராமத்தின் இயற்கை அழகு பற்றிய கடிதம் கிடைத்தது. வாசித்து மகிழ்ச்சியடைந்தோம். உரிய கவனத்துக்காகச் சுற்றுலா தொடர்பான பிரிவுக்கு அனுப்பி வைத்துள்ளோம்.

அவள் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அர்கமோ பாயிலிருந்து எழும்பிவிட்டான். "மகிழ்ச்சி அடஞ்சிரிக்காங்க! வெளங்குதா தங்கச்சி? ஒரு அரசாங்க அலுவலகம் மகிழ்ச்சி அடஞ்சிரிக்கி!"

"பஸ்?"

"வரும். மொதல்ல மனச உருக்கியாச்சி."

வந்தது பஸ் அல்ல, ஒரு வான். பக்கத்து ஆலங்குடாவில் காற்றாடி கட்டிக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர் நிறைந்துவிட்டார்கள், இங்கும் ஏதாவது காட்டலாமா என்று பார்க்க சுற்றுலாப் பிரிவிலிருந்து ஒரு மாத்தயா, சிங்களத்து ஐயா, கமராவோடு இறங்கினார். கையில் அர்கத்தின் முதல் வரியைச் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தார். இருட்டோடு கரைக்குப் போய், முக்காலியை ஊன்றி, கமராவைக் கடலுக்கு நேரே பிடித்துக்கொண்டு, கதிரவன் கண்விழிப்பதற்காகக் காத்து நின்றார். கரையில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர்கள் ஏலத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். கடல் மெல்ல வெளுத்தது. மணல் வெளுத்தது. மாத்தயாவின் நிழல் அவருக்கு முன்னால் நீளமாகப் போய்க் கடலில் விழுந்தது. நிழலைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. "கோ இர?" என்று கேட்டார், சூரியன் எங்கே என்று.

ஜபார் மீன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "முதுகுப் பக்கம், சேர்."

கரையே சிரித்தது. ஜபாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே றோட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே சந்தியில் மகள் நின்றாள். ஆறேகால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போனது. ஜபார் மீன் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். மாதம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. நேரே அர்கத்தின் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, கத்தாமல் சொன்னார்: "தம்பி, நாளைக்கு நீங்களும் எங்களோட கந்தோருக்கு வாங்க. என்ன எழுதின எண்டத்த நீங்களே அவங்களுக்குச் செல்லுங்க." கத்தியிருந்தால் அர்கம் ஏதாவது பதில் வைத்திருப்பான்.

மறுநாள் ஜபார் ஏலத்தை விட்டார், ஸும்றா பள்ளிக்கூடத்தை விட்டாள், அர்கம் சட்டையை அயர்ன் பண்ணினான். மூவரும் அலுவலகத்துக் கவுண்டருக்கு முன்னால் நின்றார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அனஸ்தாசியா மிஸ். சிலாபத்துக்காரி, தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும். தமிழில் வரும் கடிதங்களை அங்கே மேலதிகாரியான பெரியவருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொல்வது அவருடைய வேலைதான். மாம்புரி என்றதும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அர்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆ, சூரியன எழுதினது நீங்களா தம்பி?"

அர்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. நகரத்தில்கூடத் தெரிகிறதே! "வாசிச்சீங்களா மிஸ்?"

"ரெண்டு தரம். நல்லாத்தான் இருந்திச்சு, எனக்குக் கண்கூடக் கலங்கிச்சு. என்ன கேக்கிறீங்க எண்டு மட்டும் விளங்கல்ல." கோப்பை இழுத்தெடுத்துத் திருப்பினார். "பெரியவருக்குத் தமிழ் தெரியாது. நாலு பக்கமெண்டாலும் நாப்பது பக்கமெண்டாலும் நான் மேல ரெண்டு வரி சிங்களத்தில குறிச்சு வைக்கணும். அதைப் பார்த்துத்தான் அவர் கையெழுத்து வைப்பார். இதுக்கு என்ன குறிச்சன் தெரியுமா? 'மாம்புரி மாணவிகள் தங்கள் ஊரின் அழகைப் பாராட்டி எழுதியுள்ளனர். கோரிக்கை எதுவும் இல்லை.'"

கோரிக்கை எதுவும் இல்லை. ஜபார் அந்தச் சொற்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஸும்றா அர்கத்தைப் பார்க்கவில்லை, கவுண்டர்ப் பலகையைப் பார்த்தாள்.

"உள்ளுக்கு இரிந்திச்சி மிஸ்" என்றான் அர்கம்.

"எந்தப் பக்கத்தில?"

"எல்லாப் பக்கத்திலயும். உணரணும்."

"தம்பி, எனக்கு இன்னும் இருவது கடிதம் உணர வேண்டிக் கிடக்கு. பெரியவர் இப்ப வெளிய போயிருவார். போனா அடுத்த கிழமைதான். இந்தாங்க." பெரிய பதிவுப் புத்தகம் ஒன்றைத் தள்ளினார். பெயர், ஊர், விஷயம் என்று மூன்று கட்டம். விஷயம் என்ற கட்டம் இரண்டு விரல் அகலம். "அதில எழுதுங்க. நான் உடனே கொண்டுபோறன்."

அர்கம் பேனாவை எடுத்தான். பெயர் எழுதினான். ஊர் எழுதினான். விஷயத்தில் வந்து நின்றான். இரண்டு விரல் அகலத்தில் கடலை எங்கே வைப்பது, தென்னையை எங்கே நடுவது? "ப" என்று எழுதப் போனான், கை ஓடவில்லை. இத்தனை நாளும் பிறர் எழுதியதன்மேல்தான் அவன் எழுதியிருக்கிறான். வெறும் கட்டம் ஒன்று இப்படி வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்ததே இல்லை. "கி" என்று எழுதினான். கிழக்கு என்று வரப் பார்க்கிறது என்று தெரிந்ததும் வெட்டினான். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் இருமினார், ஒருவர் தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "என்ன மல்லி, பரீட்சையா?" என்றார். உள்ளே பெரியவர் எழும்பிக் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. அர்கத்தின் காது சுட்டது. வெட்கம் என்றால் வெட்கம், நிலம் பிளந்து விழுங்காதா என்ற வெட்கம். அதை மறைக்க வேண்டாம், அந்த நேரத்தில் அவனைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

"நானா, பேனாவத் தாங்க" என்றாள் ஸும்றா.

கொடுத்தான். வெட்டுப்பட்ட "கி"க்குப் பக்கத்தில் அவள் எழுதினாள்: "ஆறேகால் பஸ் மாம்புரிச் சந்தியில் நிற்க வேண்டும்." கட்டத்தில் சரியாக அடங்கியது. அனஸ்தாசியா மிஸ் வாசித்தார், "இவ்வளவுதானா? இத மொதல்லயே கேட்டிருந்தா!" என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பெரியவர் வெளியே வரும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தார், யாரையோ சிங்களத்தில் ஏசினார். மிஸ் திரும்பி வந்து ஸும்றாவிடம் சொன்னார்: "திங்கக்கிழமையில இருந்து நிக்கும் மகள். நிக்காட்டி எனக்கு வந்து சொல்லுங்க. சும்மா வந்து வாயால சொல்லுங்க, எழுத வேண்டாம்."

ஜபார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நல்ல மனுசன், அர்கத்தின் தோளில் கை வைத்து, "வாங்க தம்பி, பிளேன்டீ குடிப்பம்" என்றார். ஏசியிருந்தால் அர்கத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். பாலாவிச் சந்திவரை உண்மையாகவே நொந்து போயிருந்தான். இனி ஒருவருடைய எழுத்திலும் கை வைப்பதில்லை என்று மனத்துக்குள் சத்தியம்கூடப் பண்ணினான். நுரைச்சோலை வந்தபோது அந்தச் சத்தியத்தின் வாசகம் அவ்வளவு சரியில்லை என்று தோன்றியது. மாம்புரியில் இறங்கும்போது அவனுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. நாலு பக்கம் போய்க் கல்லான மனத்தை உருக்கி வைத்திராவிட்டால் ஒரு வரியால் என்ன செய்திருக்க முடியும்? மிஸ்ஸுக்குக் கண் கலங்கியதா இல்லையா?

திங்கட்கிழமை ஆறேகால் பஸ் நின்றது. ஜபார் தன் கண்ணால் பார்ப்பதற்காகப் பெட்டியோடு சந்தியில் நின்றார். சாரதி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு பிறேக்கைப் பிடித்தான். வெள்ளைச் சீருடைகள் முட்டிமோதி ஏறின. ஸும்றா படியில் நின்று திரும்பி, "வாப்பா, ஏலம்!" என்று கத்தினாள். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கரைக்குப் பறந்தார். அன்று அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் சாளை மட்டும்தான். அதற்கும் விலை பேசாமல், பல்லைக் காட்டிக்கொண்டே வாங்கினார்.

அர்கமும் சந்திக்கு வந்திருந்தான். பஸ் போன பிறகு, பக்கத்தில் நின்ற பெட்டிக்கடைக்காரருக்கு விளக்கிச் சொன்னான்: "அந்த வரிக்கு அத்திவாரம் போட்டது நான்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை மத்ரஸா வாசலில் புதிய அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டது. "சுருங்கச் சொல்லும் கலை: விசேட வகுப்பு." முதல் வகுப்பு பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை நடந்தது, முன்னுரை பாதிவரை வந்தது. இப்போது பிள்ளைகளின் கட்டுரைகளை அவன் நீட்டுவதில்லை, வெட்டுகிறான். ஆடு, மாடு, பூனை எல்லாம் பிழைத்துக்கொண்டன, ஆனால் எந்த வீட்டுப் பூனை, என்ன நிறம் என்பதெல்லாம் போய்விட்டது. பல்கலைக்கழகம் இன்னும் திறக்கவில்லை. ஸும்றா வகுப்புக்கு வருவதில்லை, படிக்க நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சரி, அர்கத்தை விடுங்கள். நீங்கள் ஏன் இவ்வளவு நேரமும் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்? இதை வாசித்துக்கொண்டு வரும்போதே, இந்த இடம் நீளம், அந்தப் பந்தி அநாவசியம், இந்தச் சொல்லுக்கு வேறொரு சொல் பொருத்தம், நானென்றால் வேறு மாதிரித் தொடங்கியிருப்பேன் என்று எத்தனை தடவை உங்கள் உதடு அசைந்தது? நேற்று உங்கள் வீட்டுப் பிள்ளை தனக்கு என்ன வேண்டும் என்று எழுதி நீட்டியபோது, அவள் என்ன கேட்கிறாள் என்பதைப் பார்த்தீர்களா, எப்படிக் கேட்கிறாள் என்பதைப் பார்த்தீர்களா? பதில் சொல்ல வேண்டாம். ஜும்ஆ முடிந்ததும் மாம்புரி மத்ரஸா மண்டபத்துப் பக்கம் ஒருநாள் வாருங்கள். அங்கே உட்கார உங்களுக்கென்று ஒரு கதிரை காலியாகக் கிடக்கிறது. பிள்ளைகள் இருக்கும் பாய்ப் பக்கம் தேடாதீர்கள், அர்கத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறது.